பாத்ராவில் புகை இல்லை

கிளியாந்திஸ் தொலைபேசியில் கூப்பிட்டபோது பொலிக்ஸேனி அவருடைய பேரனின் ஞானஸ்நான உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல்களை அடைத்துச் சந்துகளில் ஈரத்துணி திணித்திருந்தும் சாம்பல் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. வெள்ளைத் துணியில் ஒரு மடிப்பு எடுப்பதற்குள் நாலு தரம் ஊதித் தள்ள வேண்டியிருந்தது. பாத்ரா நகரத்தின் முதுகுப்பக்கம் நிற்கும் பனஹைக்கோ மலை அந்த வாரம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. மருந்துக்கடைகளில் முகமூடி கிடைக்கவில்லை.

"பொலிக்ஸேனி, தலைவர் பேசறேன்" என்றார் கிளியாந்திஸ்.

மவ்ரோலித்தி என்ற மலைக்கிராமத்துக்கு அவர் தலைவராக இருந்தது எந்தக் காலத்திலோ. பதவி போய், மனைவி இறந்து, நுரையீரலும் கெட்டு, கடல்காற்று நல்லது என்று வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் கலக்ஸிதியில் வீடு பிடித்துக் குடியேறிவிட்டார். ஆனாலும் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் தலைவர்தான். பொலிக்ஸேனியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம். வரலாமா, வேண்டாமா என்பதுதான் அவர் கேள்வி. மகன் ஸ்டாத்திஸ் வரவே வேண்டாம் என்கிறானாம். டாக்டரும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம்.

"கொஞ்சம் புகை உள்ள போனாப் போதுமாம், அது வெளிய வரும்போது நான் இருக்க மாட்டேனாம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "டிவியைப் போட்டா ஒரே சிவப்பு. அவனுங்க தீக்குச்சி உரசினாலே காடு எரியுதுன்னு காட்டுவானுங்க. என் பையன் சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி. நீ ஒருத்திதான் கூட்டாம குறைக்காம பேசறவ. என் பேரை என் பேரனுக்கு வைக்கிறதைக் காதால கேக்கணும்னு ஆசையா இருக்கு. அங்க எப்படி இருக்கு, சொல்லு."

அவர் கேட்ட விதத்திலேயே எந்தப் பதில் வேண்டும் என்பது தெரிந்தது. பொலிக்ஸேனி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க, தலைவரே. மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துட்டு நானே கூப்பிடறேன்."

மாடியில் நிற்க முடியவில்லை. முந்தாநாள் யாரோ காயப்போட்டு எடுக்க மறந்த படுக்கை விரிப்புகள் பழுப்பாகத் தொங்கின. கடல் இருக்கும் பக்கம் கடல் இல்லை. தண்ணீர் அள்ளிப் போகும் ஹெலிகாப்டரின் சத்தம் தலைக்கு மேலே கேட்டது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு தரம் மூச்சு இழுப்பதற்குள் தொண்டை எரிந்தது. நல்ல நுரையீரல் உள்ள தனக்கே இப்படி என்றால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளே ஒருவிதமான குளிர்ச்சி பரவியது.

அவள் தம்பி அனெஸ்திஸ் மவ்ரோலித்திக்கு மேலே பைன் காட்டை ஒட்டித் தேன்பெட்டிகள் வைத்திருந்தான். தேனீக்களை அமர்த்தப் புகைபோடும் தகரக் குவளை எப்போதும் அவன் கையில் இருக்கும். பல வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் மத்தியானம் அந்தக் காடு பற்றிக்கொண்டது. வீடுகள் போயின. ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று நின்ற கிழட்டு இடையர் ஒருவர் வெந்து செத்தார். தேன்பெட்டிப் பக்கமிருந்துதான் முதல் புகை எழும்பியது, என் கண்ணால் பார்த்தேன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னவர் தலைவர் கிளியாந்திஸ். அன்றைக்கு நான் புகையே போடவில்லை என்று அனெஸ்திஸ் சொன்னான். அந்த நேரம் அவன் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று பொலிக்ஸேனி சொன்னாள். கூடப்பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று அரசு வக்கீல் கேட்டபோது கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள்.

சிறையிலிருந்து திரும்பி வந்தவனுக்கு ஊரில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய் மூட்டை தூக்கினான். ஒரு வாடகை அறையில் செத்துக் கிடந்தவனை நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அடையாளம் காட்டப் போனவள் பொலிக்ஸேனி. அவளுக்கு நிச்சயம் செய்திருந்த பள்ளிக்கூட வாத்தியாரின் தாய் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்து மோதிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பொலிக்ஸேனி பாத்ராவுக்கு இறங்கி வந்து கல்யாண உடுப்புகள் தைக்கும் கடை போட்டாள். வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைவரின் மனைவி அசிமினா பாத்ரா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரே ஊர்க்காரி என்று பொலிக்ஸேனி சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு கரண்டி குடித்துவிட்டு அசிமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் காஞ்ச புல்லைக் கொளுத்தினது என் வீட்டுக்காரருதான். காத்தடிக்குது, வேணாம்னு சொன்னேன். கேக்கல. என் பையனுக்காக வாயை மூடிட்டேன். என்னை மன்னிக்காத, பொலிக்ஸேனி, ஆனா தெரிஞ்சுக்கோ."

சொல்லிவிட்டு அந்த வாரமே செத்துப்போனாள். பொலிக்ஸேனி ஒரு வக்கீலிடம் போனாள். செத்தவள் காதோடு சொன்னதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அதை வந்து சொல்கிறவளும் குற்றவாளியின் அக்கா என்று வக்கீல் கையை விரித்தார். அன்றிலிருந்து அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இதற்கிடையில் ஸ்டாத்திஸ் கட்டிக்கொண்ட பெண், மிர்த்தோ, பொலிக்ஸேனியின் கடைக்கே வேலைக்கு வந்து சேர்ந்தாள். பொலிக்ஸேனியைச் சித்தி என்று கூப்பிட்டாள். நல்ல கை, நல்ல மனசு. பிள்ளை பிறந்ததும் நீங்கள்தான் ஞானத்தாய் என்று பிடிவாதம் பிடித்தாள். ஸ்டாத்திஸ் தகப்பனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டானாம். அவர் ஊர்த் திருவிழாவில், காப்பிக்கடையில் எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம்: "தீ வெச்சவன் அவ தம்பி. பாவம், அவ என்ன பண்ணுவா? பழசை மறப்போம்." தலைவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே பேசியது. அந்தப் பேச்சு மலையிறங்கி வந்து பொலிக்ஸேனியின் காதிலும் விழுந்தது. தம்பியை ஜெயிலுக்கு அனுப்பியதைக் கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், இந்தப் பெரிய மனசைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

எத்தனையோ விதமாகப் பழி தீர்க்க யோசித்திருக்கிறாள். எதிலும் கை வைக்க வழியில்லாமல் இருந்தது. இப்போது எதையும் செய்ய வேண்டியதே இல்லை, ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் காலாலேயே நடந்து வந்து, காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, இந்தப் புகைக்குள் இறங்குவார்.

கீழே வந்து முகம் கழுவிக்கொண்டு கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு, தலைவரே. ரெண்டு நாளா புகை குறைஞ்சிடுச்சு. மாடியிலேர்ந்து பார்த்தா வளைகுடாப் பாலம் வரைக்கும் தெரியுது. டிவியில காட்டறது பழசு."

"நெசமாவா?"

"உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

மறுநாள் காலை ஸ்டாத்திஸ் கடைக்கே வந்துவிட்டான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், உடம்பு பெரிது, குரல் சின்னது. முகமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டான். கேட்டார், சொன்னேன் என்றாள். ஸ்டாத்திஸ் ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அப்பா வரவில்லையென்றால் ஞானஸ்நானத்தையே ஒரு மாசம் தள்ளிப்போடலாம் என்றிருந்தோம், பிள்ளைக்கும் அதுதானே நல்லது என்றான்.

பிள்ளையைப் பற்றி அவள் யோசித்திருக்கவில்லை. அந்த ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு, கோயில் கடலோரத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் புகை பாதிகூட இல்லை, உன் அப்பாவுக்கும் வயசாகிறது, அடுத்த மாசம் யார் எப்படி இருப்போமோ என்றாள். ஒவ்வொன்றும் உண்மைதான். எல்லாவற்றையும் சேர்த்து வைத்ததுதான் பொய். பின்கட்டில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மிர்த்தோ, சித்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குரல் கொடுத்தாள். ஸ்டாத்திஸ் முகமூடியை எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை, அந்த வாரத்திலேயே மோசமான புகை. எதிர்ச்சாரியில் இருந்த ரொட்டிக்கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை. பொலிக்ஸேனி கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது.

"பஸ் நிக்குது. டிரைவர் சொல்றான், பாலம் தாண்டினா கண்ணே தெரியலையாம். ஏறவா, இல்ல வீட்டுக்குத் திரும்பவா? நீ சொல்றதுதான், பொலிக்ஸேனி."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. குரலில் கிழவர்களுக்கு வரும் பயம் இருந்தது. வேண்டாம், திரும்பிப் போங்கள் என்று சொல்ல இன்னும் வழி இருந்தது. சொன்னால் நல்லவள் என்ற பெயரும் கூட வரும். பிரேயஸில் அந்த அறைக் கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஏறுங்க, தலைவரே. நானே ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

தொலைபேசியை வைத்தாள். பசித்தது. ரொட்டியும் வெண்பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, நிதானமாகச் சாப்பிட்டாள். அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும்போது பாதிவழியில் பாவாடை காலில் ஒட்டியது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு கடைக்காரர் ஒருவர் வாசலுக்கு வந்து மேலே பார்த்தார், அடுத்த கடைக்காரரும் வந்தார். கடலிலிருந்து மேல்காற்று எழும்பியிருந்தது. பிசுபிசுப்பான, உப்பு வாடை அடிக்கும் நல்ல காற்று. அவள் கண்முன்னாலேயே புகை மலைப்பக்கம் சுருட்டிக்கொண்டு போனது. ஸ்டாண்டை அடைவதற்குள் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன, பிறகு கடல், பிறகு தூரத்துப் பாலத்தின் தூண்கள். டாக்சிக்காரர்கள் முகமூடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சிகரெட் கொடுத்தார்கள். ஊரில் அன்று அவள் ஒருத்திதான் அந்தக் காற்றைத் திட்டியிருப்பாள்.

பஸ் வந்தது. கிளியாந்திஸ் ஒவ்வொரு படியாக இறங்கி, மூக்கிலிருந்த முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், வாசனைத் தைலம். தகப்பனைக் கூட்டிப்போக வந்திருந்த ஸ்டாத்திஸ் பக்கத்தில் நின்றான்.

"பாத்தியாடா" என்றார் மகனிடம், ஸ்டாண்டுக்கே கேட்கும்படி. "நீ, டாக்டர், டிவிக்காரன், டிரைவர், அத்தனை பேரும் என்னைப் பயமுறுத்தினீங்க. உண்மை சொன்னது இந்தப் பொண்ணு ஒருத்திதான். இனிமே இவ எது சொன்னாலும் நான் நம்புவேன், நீங்களும் நம்புங்க."

இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டாள் பொலிக்ஸேனி.

அன்று சாயங்காலம் மீன் சாப்பாட்டுக் கடையில் உறவுக்காரர்கள் நடுவில் அவர் அதையே மறுபடி சொன்னார். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் கதை வளர்ந்தது. அப்படிப்பட்ட தம்பிக்கு அக்காவாக இப்படி ஒருத்தியா என்று ஆச்சரியப்பட்டு, கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். ஞானஸ்நானம் முடிந்தால் இரண்டு குடும்பமும் ஒரே உறவு, இனி நீ எங்களுக்குக் கும்பாரா, ஞானஸ்நானத்தால் வந்த சொந்தக்காரி என்றார். பொலிக்ஸேனியும் கோப்பையைத் தூக்கினாள். மீனிலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இந்த மனிதர் நாளை மாலை நன்றாக மூச்சு விட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூட்டம். முன்வாசலில் பாதிரியார் பிள்ளையை அவள் கையில் கொடுத்து, மேற்குப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். சாத்தானை விட்டு விலகுகிறாயா என்று மூன்று தரம் கேட்டார். பிள்ளைக்குப் பதிலாக ஞானத்தாய்தான் சொல்ல வேண்டும். விலகுகிறேன், விலகுகிறேன், விலகுகிறேன் என்றாள். அவன்மேல் துப்பு என்றார் பாதிரியார். அந்தப் பக்கம், கதவோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கிளியாந்திஸ். வழக்கமாக எல்லோரும் உதட்டைக் குவித்து ஊதுவதோடு சரி. பொலிக்ஸேனி நிஜமாகவே துப்பினாள். தரையில் விழுந்தது. கிளியாந்திஸ் தன் காலணியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதுவரைக்கும் அவள் எதையும் திட்டமிட்டிருக்கவில்லை. பின்னால் அவள் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. உள்ளே தொட்டியண்டை பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, உடம்பு முழுக்க எண்ணெய் தடவினாள். பிள்ளை அவள் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வாயில் வைக்கப் பார்த்தான். பாதிரியார் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, உரத்த குரலில் கேட்டார்:

"பேர் என்ன?"

கிளியாந்திஸ் நாற்காலியிலிருந்து எழுந்து முன்னால் வந்திருந்தார், நன்றாகக் காதில் விழவேண்டும் என்று.

"அனெஸ்திஸ்" என்றாள் பொலிக்ஸேனி.

பாதிரியாருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. இல்லை, இல்லை, கிளியாந்திஸ், என் பேர், என்று தலைவர் கையை ஆட்டினார். வயசான பெண்ணுக்குக் குழப்பம், வேறொன்றும் இல்லை என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்குக் குழப்பம் இல்ல" என்றாள் பொலிக்ஸேனி. "நான் எது சொன்னாலும் நம்புங்கன்னு நேத்து தலைவரே சொன்னாரு. அதனால சொல்றேன். மவ்ரோலித்தியில தீ வெச்சது என் தம்பி இல்ல. இவரு. காஞ்ச புல்லைக் கொளுத்தினாரு, காத்துல பறந்து காடு பத்திக்கிச்சு. சாகறதுக்கு முன்னாடி அசிமினா என்கிட்ட சொன்னா. இவரு அவன் தலையில போட்டாரு. என் தம்பி பேரை இவரு பேரனுக்கு வைக்கிறேன். சாகற வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் பேரனைக் கூப்பிடணும்."

செத்தவள் மேல் பழியைப் போடுகிறாள், கோயிலில் நின்று பொய் சொல்கிறாள் என்று கிளியாந்திஸ் கத்தினார். இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அப்போதுதான் ஸ்டாத்திஸ் பேசினான். அவன் சின்னக் குரல் என்பதால் எல்லோரும் அடங்கித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அப்பா, அன்னைக்கு மத்தியானம் நீங்க வீட்டுக்கு வந்தப்ப உங்க புருவம் கருகியிருந்துச்சு. தீயை அணைக்கப் போனேன்னு சொன்னீங்க. ஆனா தீன்னு கோயில் மணி அடிச்சது அதுக்கப்புறம்தான். நான் வாசல்ல நின்னேன். எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு, இத்தனை வருஷமா அதை நான் யோசிக்காம இருக்கப் பார்த்தேன்."

கிளியாந்திஸ் மகனைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது அவருக்கு, நாற்காலி தூரத்தில் இருந்தது.

"காத்து திரும்பிடுச்சுடா" என்றார். "நான் என்ன பண்றது? சின்னத் தீதான். காத்து திரும்பிடுச்சு."

எண்ணெய் பூசிய பிள்ளை பாதிரியாரின் கையில் வழுக்கிக்கொண்டு வீறிட்டு அழுதான். மிர்த்தோ முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். யாராவது பேரைச் சொல்லுங்கள், பிள்ளை நழுவுகிறது என்றார் பாதிரியார்.

"ஞானத்தாய் சொல்லியாச்சே, ஃபாதர்" என்றான் ஸ்டாத்திஸ்.

மூன்று தரம் முக்கியெடுத்தார்கள். தேவனின் ஊழியன் அனெஸ்திஸ் ஞானஸ்நானம் பெறுகிறான் என்று பாதிரியார் ஒவ்வொரு தரமும் சொன்னார். கிளியாந்திஸ் அதை நின்றுகொண்டே கேட்டார். பொலிக்ஸேனி துண்டை விரித்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும்போது தண்ணீரைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை.

விருந்துக்கு முக்கால்வாசிப் பேர் போகவில்லை. சர்க்கரை பூசிய பாதாம் பொட்டலங்கள் கூடையோடு கிடந்தன. கிளியாந்திஸ் உடனே கலக்ஸிதிக்குப் போக வேண்டும் என்றார். ஆனால் மத்தியானத்துக்கு மேல் காற்று விழுந்து, மலைப்பக்கம் போன புகை திரும்பி நகரத்தின்மேல் இறங்கியது. பாலத்துக்குப் போகும் சாலையை மூடிவிட்டார்கள். தன்னோடு பேசாத மகனின் வீட்டில், அடைத்த ஜன்னல்களுக்குள் அவர் இரண்டு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் மூச்சு வாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

பொலிக்ஸேனி பார்க்கப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. முகத்தில் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் அவர் வாய் மீன் மாதிரி திறந்து மூடியது. அவளைக் கண்டதும் மூடியை விலக்கினார்.

"நீ வரச்சொன்னப்ப இங்க புகை இருந்துச்சாமே. ஸ்டாத்திஸ் சொல்றான். ஒண்ணுமே தெரியாத அளவுக்கு இருந்துச்சாம்."

"இருந்துச்சு."

"தெரிஞ்சேதான் வரச்சொன்னியா?"

"தெரிஞ்சேதான். ஸ்டாண்டுல இறங்கினதும் விழுவீங்கன்னு நினைச்சேன். காத்து மாறினதுக்கு நான் பொறுப்பில்ல, தலைவரே."

ஏதோ சொல்ல வந்தார், மூச்சு போதவில்லை. மூடியை இழுத்து மாட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாரா என்று பிற்பாடு ஸ்டாத்திஸ் அவளிடம் கேட்டான். தெரியாது, நான் காத்திருக்கவில்லை என்றாள்.

அவர் சாகவில்லை. மூச்சுக்கருவியோடு கலக்ஸிதிக்குத் திரும்பினார். ஒரு பெண் வந்து சமைத்துவைத்துவிட்டுப் போகிறாள். ஸ்டாத்திஸ் மாதம் ஒரு தரம் போவான், மருந்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்காராமல் திரும்புவான். பேரனைக் கூட்டிப்போவதில்லை.

மிர்த்தோ கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தன் கத்தரிக்கோலையும் விரல் கவசத்தையும் எடுத்துப்போக ஒருநாள் வந்தாள். பொலிக்ஸேனி அவளை உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"மூணு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து தைச்சோம், சித்தி. ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். என் பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்லணுமா? அந்தப் புகையில அவனையும் சேர்த்துத்தானே வெளிய கொண்டுவர வெச்சீங்க?"

மிர்த்தோ போன பிறகு அவள் தைத்துப் பாதியில் விட்டிருந்த ஒரு கல்யாண உடுப்பைப் பொலிக்ஸேனி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அக்டோபரில் மழை விழுந்து மலை அணைந்து குளிர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டாத்திஸ் காரோடு வந்து நின்றான். வக்கீல் மூலமாகப் புருவம் கருகிய விஷயத்தை எழுதிக் கொடுத்துவிட்டானாம். கோர்ட் எப்போது பழைய வழக்கைத் திறக்கும் என்று தெரியாதாம். அது வரை ஊருக்காவது சொல்லிவிட வேண்டும், நீங்களும் வாருங்கள் என்றான். மலைச்சாலையின் இரண்டு பக்கமும் கரிக்கட்டையாக மரங்கள் நின்றன. இது புதுத் தீ, பழைய தீ இன்னும் மேலே.

மவ்ரோலித்திக் காப்பிக்கடையில் கோயில் பூசை முடிந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாத்திஸ் வாசலிலேயே நின்று, தன் சின்னக் குரலில், தகப்பன் செய்ததை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொன்னான். பாதிக் கதை ஏற்கெனவே அங்கே வந்து சேர்ந்திருந்தது என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மகன் வாயால் கேட்ட பிறகு ஒருவரும் மறுக்கவில்லை.

கடைக்காரர் தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துத் துடைத்து அவளுக்குப் போட்டார். காப்பி வந்தது. சீமைமாதுளை இனிப்பு ஒரு சின்னத் தட்டில் கரண்டியோடு வந்தது. இறந்துபோன இடையரின் மகள், இப்போது அவளும் கிழவி, உள்ளறையிலிருந்து வந்து அவள் முன்னால் நின்றாள்.

"எங்களுக்குத் தெரியாது, பொலிக்ஸேனி" என்றாள். "தெரிஞ்சிருந்தா அவனை அப்படிப் பண்ணியிருப்போமா? மனசுல வெச்சுக்காத."

கடை முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. பரவாயில்லை, போகட்டும், முடிந்துபோன கதை என்று ஏதாவது ஒன்றை அவள் சொல்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சொன்னால் உடனே யாராவது பெருமூச்சு விடுவார்கள், யாராவது இன்னொரு காப்பி சொல்வார்கள், பேச்சு மழைக்கும் விறகுக்கும் திரும்பிவிடும்.

பொலிக்ஸேனி இனிப்பைச் சாப்பிட்டு முடித்தாள். காப்பியை அடிமண்டி தெரியும்வரை குடித்தாள். கைக்குட்டையால் வாயைத் துடைத்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் காரை நோக்கி நடந்தாள்.